அக்கரைக் கீரை

கவாசாக்கி
17 ஏப்ரல் 1963

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன். அங்கே கூரையிலிருந்து இன்னும் பனி சொட்டிக்கொண்டிருக்கும். இங்கே செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து சாக்கடையில் மிதக்கிறது. நீ, அத்தான், சாயோ மூவரும் சுகம்தானே? உன் மாமியார் கொழுந்தன் வீட்டிலிருந்து திரும்பிவிட்டாரா?

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ரியோசாகு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். முதலில் என் வயிற்றைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தை. இரண்டு தடவை கலைந்த பிறகு அவருக்கும் பயம் இருக்காதா?

முந்தாநாள் காலை நாம் ஓடைக்கரையில் நடந்தது கண்ணிலேயே நிற்கிறது. மரத்தடியில் எல்லாம் பழைய பனி. தண்ணீர் போட்ட சத்தத்தில் நாம் பேசியதே கேட்கவில்லை. கரடி வந்துவிடும் என்று நீ இடுப்பில் கட்டிவிட்ட மணி, நான் வழுக்கிய போதெல்லாம் குலுங்கியது. "ரோடு போட்ட ஊர்ல இருந்துட்டு உன் காலு நடக்கிறதையே மறந்துபோச்சுடி" என்று நீ சிரித்தாயே, நீ அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம்!

இரட்டைப்பூக் கீரைக்காக நான் அடம்பிடித்திருக்கக் கூடாதுதான். "பூ வரட்டும், பூ வந்தப்புறம் பறிக்கலாம்" என்றாய். "பூ வர்றப்ப நான் இருக்க மாட்டேனேக்கா" என்றேன். உடனே உன் முகம் இளகிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி குனியக் கூடாது என்று எனக்கு ஒரு கூடைகூடத் தராமல், நீயே இக்கரையில் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துப் பறித்தாய். பொறுமையே போய்விட்டது எனக்கு.

இப்போது ஒன்று சொல்கிறேன், திட்டக் கூடாது. நீ கீழே இறங்கி முகம் கழுவப் போனாயே, அப்போது விழுந்து கிடந்த அந்தப் பெரிய மரத்தின் மேல் உட்கார்ந்தபடியே நகர்ந்து அக்கரைக்குப் போனேன். வெயில் படுகிற இடம். யாருமே கை வைக்காமல் இலை கொழுகொழுவென்று கிடந்தது. இரண்டு கை நிறையப் பறித்து வந்து உன் கூடையின் அடியில் போட்டு, மேலே உன் இலையைப் பரப்பிவிட்டேன். ஒருத்தி கூடையில் இன்னொருத்தி கை போடக் கூடாதென்று அம்மா நம் புறங்கையில் அடித்தது நினைவிருக்கிறது. ஆனால் நீ பறித்தது அத்தானுக்கு எந்த மூலைக்குக் காணும்? வருகிற வழியில் "இன்னிக்கு என்ன, கூடை இப்படிக் கனக்குது" என்றாய். சிரிப்பை அடக்க நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் மத்தியான பஸ் சீக்கிரமே வந்துவிட்டதால் நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, பார்! எனக்கும் சேர்த்து அத்தான் சாப்பிட்டிருப்பார். பஸ் நிற்கும் இடத்தில் என் பையை மேலே தூக்கிப் போட்டுவிட்டு அவர் சொன்னது: "அடுத்த தடவை மூணு பேரா வாங்கம்மா. சின்னவனுக்கும் ஒரு கூடை பின்னி வைக்கிறேன். பொண்ணா இருந்தா இன்னும் சின்னதாப் பின்னணும், அவ்வளவுதான்." பஸ் வளைவில் திரும்பும் வரை தொப்பியை ஆட்டிக்கொண்டே நின்றார். அவரிடம் என் நன்றியைச் சொல்.

உன் தங்கை,
மிசாவோ


மினசாவா
28 ஏப்ரல் 1963

அன்புள்ள மிசாவோ,

வயலில் பனி முழுதும் போய்விட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி நின்றதா? இதை உட்கார்ந்து படி. ரியோசாகு பக்கத்தில் இருக்கும்போது படி.

சாயோவின் அப்பா போய்விட்டார். நீ கிளம்பிய அன்று இரவே. தந்தி கொடுக்க வேண்டாம் என்று நான்தான் கொழுந்தனிடம் சொன்னேன். உன் டாக்டர் சொன்னதை நீ என்னிடம் சொல்லியிருந்தாய் அல்லவா, அதிர்ச்சி ஆகாதென்று.

கீரையை வேகவைத்துப் பிழிந்து சோயா ஊற்றி வைத்தேன். அவர் சாக்கே மதுவோடு முக்கால் தட்டுச் சாப்பிட்டார். "இந்த வருஷம் கொஞ்சம் காரமா இருக்கே" என்றார். பிறகு உதடு மரத்துப்போகிறது என்றார். நான் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தேன். டாக்டர் மலையேறி வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு நான்கு நாள் கைகால் என்னுடையதாக இல்லை. சாயோ கீரை வேண்டாம் என்று அடம்பிடித்தாள். அதற்காக அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். இனி எதற்காகவும் அவளைத் திட்ட மாட்டேன்.

வசநாவி, கொடிய விஷச்செடி என்று டாக்டர் சொன்னார். பூ வரும்வரை அந்த இலையும் இரட்டைப்பூ இலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், உனக்கே தெரியும். தவறு என்னுடையது. பூ வருமுன் பறித்தது நான். என் கூடை, நான் வேகவைத்தது.

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. படித்தேன்.

நீ வர வேண்டாம். பெட்டியில் துணி எடுத்து வைக்கவும் வேண்டாம். குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

அக்கா,
ஹத்சுவே


கவாசாக்கி
9 மே 1963

அன்புள்ள அக்கா,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பத்து நாளாக அழுகிறேன். உன் கைகால் இப்போது தேவலையா? சாயோ சாப்பிடுகிறாளா?

அத்தானுக்கு இப்படி ஒரு முடிவா? ஓர் எறும்பை மிதித்தால்கூட 'அடடா' என்கிற மனுஷர். ரியோசாகு என்னை வெளியே எங்கும் விடுவதில்லை. "நல்லவேளை, பஸ் சீக்கிரம் வந்துச்சு" என்று தினமும் ஒருதரம் சொல்கிறார். அவர் சொல்லும்போது நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

கோபத்தில் கேட்கிறேன் என்று நினைக்காதே. இருபது வருஷமாகப் பறிக்கிறவள் நீ. கழுவும்போது பார்க்கவில்லையா? எனக்காக அவசரப்பட்டுவிட்டாயா? இதை மட்டும் நினைத்து நினைத்து மாய்கிறேன்.

இத்துடன் ஊதுபத்தி அனுப்புகிறேன். அத்தான் படத்துக்கு முன்னால் என் பேரைச் சொல்லி ஏற்று. மழைக்காலம் வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

மிசாவோ


மினசாவா
20 ஜூன் 1963

அன்புள்ள மிசாவோ,

நடவு முடிந்தது. மழை விடவில்லை. உன் கால் வீங்குகிறதா? உப்பைக் குறை. ஊதுபத்தி வந்தது, ஏற்றினேன்.

கழுவும்போது பார்க்கவில்லையா என்று கேட்டிருந்தாய். பார்க்கவில்லை. இக்கரையில் பறித்ததை நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பறிக்கும்போதே பார்த்துவிடுவேன்.

ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போன வாரம் முள்ளங்கி ஊறுகாய் எடுத்தேன். வழக்கம்போல நாலு வீட்டுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினேன். தட்டு நாலும் மறுநாள் கழுவித் திரும்பி வந்தன, பதிலுக்கு அதில் ஒன்றும் வைக்காமல். கிணற்றுப் பக்கம் மூங்கில் புதரில் என் ஊறுகாய் கிடந்ததைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. நடவுக்கு வந்தவர்கள் என் கையால் தேநீர்கூட வாங்கவில்லை. "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார்கள், நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர்.

மாமியார் திரும்பி வந்துவிட்டார். அவருக்கும் சாயோவுக்கும் அவரே தனியாகச் சமைக்கிறார். சாயோ என் கையால் சாப்பிட்டு இரண்டு மாதம் ஆகிறது.

போலீஸ்காரர் இரண்டு தடவை வந்தார். நல்ல மனுஷர். "கூடையில வேற யாராச்சும் கை போட்டாங்களாம்மா? உங்க தங்கச்சி கூட வந்தாங்கன்னு சொல்றாங்களே" என்று கேட்டார். "அவ வெறுங்கையோட வந்தா. மாசமா இருக்கா, குனியவே விடல" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னது பொய்யில்லை.

கொழுந்தன் கான்சோ ஒரு முடிவோடு இருக்கிறார். அண்ணனின் வருஷாந்திரத்தன்று உறவெல்லாம் கூடும்போது பேசித் தீர்ப்பதாம். வீட்டையும் சாயோவையும் அவர் எடுத்துக்கொள்வார், நான் போய்விட வேண்டும். "புள்ளைய எந்த தைரியத்துல உங்க கையில விடறது அண்ணி, நீங்களே சொல்லுங்க" என்றார். ஏப்ரல் பதினைந்து வரை சாயோ பக்கத்தில் இருப்பாள்.

நீ இதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளாதே. இடப்பக்கம் சாய்ந்து படு.

ஹத்சுவே


கவாசாக்கி
2 ஜூலை 1963

அன்புள்ள அக்கா,

வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் நலம். குழந்தை உதைக்கிறது, ரியோசாகு கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். இந்தத் தடவை தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கான்சோவிடம் வீம்பு பிடிக்காதே. மாமியார் காலில் விழுந்து கேள். வெளிச்சம் போதவில்லை, கண் மங்கிவிட்டது என்று ஏதாவது சொல். மனுஷர்கள்தானே, மனம் இரங்காதா? சாயோ இல்லாமல் நீ எப்படி இருப்பாய்? எனக்கு நினைக்கவே முடியவில்லை.

குனிய முடியாததால் சுருக்கமாக எழுதுகிறேன். கோபிக்காதே.

மிசாவோ


மினசாவா
30 செப்டம்பர் 1963

அன்புள்ள மிசாவோ,

காற்றில் குளிர் வந்துவிட்டது. ரியோசாகுவின் தந்தியைப் பார்த்தேன். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். தந்தியைச் சாயோவின் அப்பா படத்துக்கு முன்னால் வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இந்த வருஷத்தில் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான். குழந்தைக்கு என்ன பேர் வைத்தீர்கள்? பால் போதுமா?

நேற்று ஓடைக்குப் போனேன். ஏப்ரல் பதினைந்துக்குப் பிறகு இப்போதுதான் அந்தப் பக்கம் போகிறேன். வசநாவி பூக்கிற காலம் இது. அக்கரை முழுக்க ஊதாப் பூ. வெயில் படுகிற அந்தச் சரிவில், விழுந்து கிடக்கிற பெரிய மரத்துக்கு நேர் எதிரே, இடுப்பளவுக்கு அடர்த்தியாக நிற்கிறது. இக்கரையில் நான் பறித்த இடத்தையெல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை தேடினேன். ஒரு செடிகூட இல்லை.

உனக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று காத்திருந்தேன். இப்போது பிறந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். வேறொன்றுமில்லை.

குழந்தையின் தொட்டிலைச் சன்னல் பக்கம் வைக்காதே.

ஹத்சுவே


மினசாவா
15 டிசம்பர் 1963

அன்புள்ள மிசாவோ,

இங்கே நேற்று முதல் பெரிய பனி. கூரைப் பனியைத் தள்ள ஆள் வரவில்லை, நானே ஏறித் தள்ளினேன். நான் எழுதி இரண்டரை மாதம் ஆகியும் உன் பதில் வரவில்லை. குழந்தைக்கு உடம்பு ஏதும் இல்லையே? முகவரி மாறிவிட்டதா?

குழந்தைக்கு ஒரு பருத்திச் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். சாப்பிடுகிற பொருள் எதுவும் வைக்கவில்லை.

ஹத்சுவே


கவாசாக்கி
20 ஜனவரி 1964

அன்புள்ள அக்கா,

புது வருஷ வாழ்த்துகள் என்று துக்க வீட்டுக்கு எழுதக் கூடாது. அதனால்தான் தாமதம். நீயும் சாயோவும் சுகமென்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் சளி. குழந்தைக்குக் கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது. பேர் நவோமி. சட்டை சரியாக இருக்கிறது. ரியோசாகுவுக்குத் தொழிற்சாலையில் மேஸ்திரி வேலை கிடைக்கும் போலிருக்கிறது. மாமனார் மாமியார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள். குழந்தையைக் கீழேயே விடுவதில்லை. அவர்கள் ரொம்பக் கட்டுப்பாடான மனிதர்கள். வீட்டுப் பேர் என்றால் உயிர்.

டோக்கியோவில் எங்கே பார்த்தாலும் பள்ளம் தோண்டுகிறார்கள். ஒலிம்பிக்குக்காம்.

அக்கா, பழைய கடிதங்களையெல்லாம் சேர்த்து வைக்காதே. ஈரத்துக்குப் பூச்சி வரும். நான் உன்னுடையதை எரித்துவிட்டேன். நீயும் என்னுடையதை அடுப்பில் போட்டுவிடு. எல்லாவற்றையும். போட்டுவிட்டு ஒரு வரி எழுது.

மிசாவோ


மினசாவா
20 மார்ச் 1964

அன்புள்ள மிசாவோ,

கூரையிலிருந்து சொட்டத் தொடங்கிவிட்டது. நவோமிக்கு மேல்பல்லும் முளைத்திருக்கும். ஈறு அரித்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கொடு.

எரித்துவிட்டு எழுது என்றாய். மற்றவற்றை எரித்தேன். போன ஏப்ரல் பதினேழாம் தேதி எழுதியதை மட்டும் எரிக்க முடியவில்லை. இரண்டு தடவை அடுப்பு வரை கொண்டுபோனேன். பயப்படாதே, யாரிடமும் காட்டுவதற்காக வைத்திருக்கவில்லை. அந்தக் கடிதத்தில் அவர் பஸ் நிற்கும் இடத்தில் நின்று தொப்பியை ஆட்டுகிறார். சின்னக் கூடை பின்னித் தருகிறேன் என்கிறார். அவர் கடைசியாகச் சிரித்துப் பேசியது அதில்தான் இருக்கிறது. அவர் உதடு மரத்துப்போனதற்குப் பிறகு பேசியதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

அவர் பேசியதை மட்டும் வேறொரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். உன் கடிதத்தை இத்துடன் உனக்கே அனுப்புகிறேன். எரிப்பதானால் உன் கையால் எரி.

வருஷாந்திரத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. போன வாரம் மாமியார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "உன் கண்ணு எனக்குத் தெரியும். நீ தப்பாப் பறிக்கிறவ இல்ல. வேற யாரு கையாவது பட்டிருந்தா இப்பவே சொல்லிடு. கான்சோ என்ன, எமனே வந்தாலும் உன்னை இந்த வீட்டை விட்டு அனுப்ப மாட்டேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கூடைக்கு நான்தான் பதில். இன்னொருத்தி மேல் கை காட்டினால் அப்புறம் நான் யார்? அவள் வந்து நான் போட்டேன் என்று தானாகச் சொன்னால் அது வேறு.

நீ நேரில் வர வேண்டியதில்லை. உன் வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மாமியார் பேருக்கு ஒரு வரி போதும். அவர் வாய் திறக்கமாட்டார். போன வருஷம் உன் வயிற்றில் குழந்தை இருந்தது, நான் கேட்கவில்லை. இப்போது உன் குழந்தை உன் கையில் இருக்கிறது. என் குழந்தையும் என் கையில் இருக்கட்டும் மிசாவோ. இதற்கு மேல் கேட்க எனக்கு வார்த்தை தெரியவில்லை.

உன் அக்கா,
ஹத்சுவே


வெந்நீர் ஊற்று விடுதி, கமியூ
5 மே 1964

அன்புள்ள மிசாவோ,

இங்கே மலையில் இளந்தளிர் வந்துவிட்டது. நீ, ரியோசாகு, நவோமி எல்லோரும் சுகமா? என் முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். இது ஒரு விடுதி. படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை. சமையல்கட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கிருந்தோ கேள்விப்பட்டிருக்கிறார்.

வருஷாந்திரம் நல்லபடியாக நடந்தது. பதினெட்டுப் பேர் வந்தார்கள். சாப்பாட்டைக் கீழ்ஊரிலிருந்து வரவழைத்தார்கள். குருக்கள் மந்திரம் சொல்லும்போது நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாளாகவே தபால்காரர் வருகிற நேரத்தில் வேலி ஓரம் போய் நிற்பேன். அன்று பதினொரு மணிக்கு வந்தார். கவாசாக்கியிலிருந்து மாமியார் பேருக்கு ஒரு பார்சல் என்றார். நானே ஓடிப்போய் வாங்கி மாமியார் கையில் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மாமியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எல்லோருக்கும் முன்னால் பிரித்தார். உயர்ந்த சந்தன ஊதுபத்தி ஒரு பெட்டி. நல்ல கடையில் வாங்கிய இனிப்பு ஒரு பெட்டி. மாமியார் இரண்டு பெட்டியையும் திறந்து அடி வரை பார்த்தார். சுற்றியிருந்த காகிதத்தை நான் எடுத்து இரண்டு தடவை உதறினேன். ஒன்றும் விழவில்லை.

"பட்டணத்துல இருந்தாலும் ஹத்சுவே அக்காவோட தங்கச்சிக்கு முறை தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று ஓரகத்தி சொன்னாள். உன் இனிப்பை எல்லோரும் சாப்பிட்டார்கள். சாயோவும் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு பேச்சு ரொம்ப நேரம் ஓடவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ராத்திரி படுத்தால் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு இருக்கிறது. மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஓடையில் வழுக்கி வழுக்கி மணி குலுங்க வந்தாயே, அந்த மிசாவோவை நினைத்தால் கோபம் தங்க மாட்டேன் என்கிறது. மறுபடி வந்துவிடுகிறது, மறுபடி போய்விடுகிறது. இரண்டு கை நிறையப் பறித்து வந்தது எனக்குத் தருவதற்குத்தானே?

கிளம்புகிற அன்று காலை ஓடைக்கரை வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடந்தேன். சாயோ பாலம் வரை என்கூட வந்தாள். இரட்டைப்பூ பூத்துவிட்டது. ஒரு தண்டில் இரண்டு வெள்ளைப் பூ, இக்கரையெல்லாம். அக்கரையிலும் பூத்திருந்தது, நடுநடுவே பூ இல்லாமல் அதே இலை. இப்போது பார்த்தால் கண் தெரியாதவனும் பிரித்துச் சொல்லிவிடுவான். போன வருஷம் நீ பதினைந்து நாள் கழித்து வந்திருக்கலாம்.

பாலத்தில் சாயோ என் மூட்டையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, நீதான் பறிச்சியா? நிஜமாச் சொல்லு." ஒரு வருஷமாக அவள் கேட்காத கேள்வி. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை. "பெரியவளானதும் கவாசாக்கிச் சித்தியக் கேளு" என்றேன். அவளுடைய பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சாயோவுக்கு இப்போது பத்து வயது. என்றைக்காவது அவள் உன் வாசலில் வந்து நிற்பாள். பயணக் களைப்போடு வருவாள், முதலில் சாப்பாடு போடு. உன் கையால் போடு, அவள் சாப்பிடுவாள். பிறகு நான் திருப்பி அனுப்பிய அந்தக் கடிதத்தைக் கொடு. எரித்துவிட்டாயானால், அதில் இருந்ததை நீயே உட்கார்ந்து அவளுக்குச் சொல். பஸ் நிற்குமிடத்தில் அவள் அப்பா தொப்பியை ஆட்டியதையும் விடாமல் சொல்.

இங்கே இன்னும் காலையில் உறைபனி. அங்கேயும் இரவில் குளிர் இருக்கும். நவோமியின் வயிறு திறந்து கிடக்காமல் போர்த்திவிடு.

உன் அக்கா,
ஹத்சுவே